சின்னஞ்சிறு அட்டைகள், பென்னம்பெரிய ஆசைகள்!

மனிதன் பொருளைத் தேடுவது வயிற்றுக்காக. பொருளைச் சேகரிப்பதோ மனத்துக்காக. தபால் தலை சேர்ப்போர், பழைய நாணயம் சேர்ப்போர், சிவகாசித் தீப்பெட்டிப் படங்களைப் பிரித்தெடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தோர் எனப் பலரை நாம் அறிவோம். விலை மதிப்பில்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து, அடுக்கி வைத்து, அடுத்தவரிடம் காட்டி மகிழ்வதில் ஏதோ ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது.

அமெரிக்க நாட்டில் இத்தகைய ஒரு வழக்கம் நூறாண்டுகளுக்கும் மேலாக வேரூன்றி நிற்கிறது. அதுவே விளையாட்டு வீரர்களின் பட அட்டைகளைச் சேகரிக்கும் வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் அட்டை. முன்புறம் வீரரின் படம். பின்புறம் அவர் ஆடிய ஆட்டங்களின் கணக்கு. இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்ட இந்தக் காகிதத் துண்டு, சிறுவர்களின் சட்டைப் பையில் தொடங்கி இன்று ஏல மண்டபங்களில் கோடிகளுக்குக் கைமாறுகிறது. அங்கே குடியேறி வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளும் பள்ளித் தோழர்களைப் பார்த்து இவ்வட்டைகளைக் கேட்கத் தொடங்கியிருக்கும் காலம் இது. எனவே இந்தப் பொழுதுபோக்கின் கசப்பையும் இனிப்பையும் சற்றே விரிவாகக் காண்பது பொருத்தமாகும்.

புகையிலையில் பிறந்தது

இவ்வட்டைகளின் பிறப்பு அத்துணைப் பெருமைக்குரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட் பெட்டிகள் நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டைத் துண்டை வைத்தனர் உற்பத்தியாளர்கள். வெறும் அட்டையாக ஏன் இருக்க வேண்டும், படம் அச்சிட்டால் விற்பனை பெருகுமே என்று பிறகு எண்ணினர். பேஸ்பால் வீரர்கள் அட்டையில் ஏறினர்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டது. அதில் ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டை மட்டும் சிறிது காலத்திலேயே நிறுத்தப்பட்டது. தம் படத்துக்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் ஒரு சாரார். உரிய பணம் தரப்படாததே காரணம் என்பர் மறு சாரார். காரணம் எதுவாயினும், இன்று அறியப்பட்டுள்ள வாக்னர் அட்டைகள் ஏறத்தாழ அறுபதுதான். அவற்றுள் ஒன்று 2022ஆம் ஆண்டில் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று.

1930களில் அட்டைகள் சிகரெட்டை விட்டு பபிள் கம் பொட்டலத்துக்குள் குடியேறின. அன்றே வணிகத் தந்திரமும் உடன் நுழைந்தது. 1933இல் கவுடி நிறுவனம் 240 எண்கள் கொண்ட வரிசையை வெளியிட்டது. சிறுவர்கள் வாங்கினர், வாங்கினர், வாங்கிக்கொண்டே இருந்தனர். 106ஆம் எண் மட்டும் எவருக்கும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அது அச்சிடப்படவே இல்லை! ஏமாந்தவர்கள் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு, 1934இல் நாப் லாஜோய் என்னும் வீரரின் படத்தோடு அந்த அட்டையை அச்சிட்டு, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பி வைத்தனர். இன்று அந்த அட்டையும் அரிய பொருளாகி விட்டது.

கடலில் கொட்டியதும் கோடியில் விற்றதும்

1952இல் டாப்ஸ் நிறுவனத்துக்காக சை பெர்கர் என்பவர் வடிவமைத்த வரிசையே இக்கால அட்டைகளுக்கு முன்மாதிரி எனலாம். அவ்வரிசையின் பிற்பகுதி, பேஸ்பால் பருவம் முடியும் தறுவாயில் வெளிவந்ததால் தேங்கிப் போயிற்று. இலவசமாகக் கொடுத்தாலும் கொள்வாரில்லை. இறுதியில் 1960ஆம் ஆண்டு வாக்கில், விற்காத அட்டைகளைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் பெருங்கடலில் கொட்டியதாகப் பிற்காலத்தில் பெர்கரே கூறியிருக்கிறார்.

கடலுக்குள் போனவற்றுள் மிக்கி மான்டில் என்னும் வீரரின் அட்டைகளும் அடங்கும். தப்பிப் பிழைத்த மான்டில் அட்டைகளுள் ஒன்றை 1991இல் ஒருவர் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். அன்று அதுவே பெருந்தொகை. 2022 ஆகஸ்டில் அதே அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2025 ஆகஸ்டில் கூடைப்பந்து வீரர்களான மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் ஆகிய இருவரின் கையெழுத்தும் கொண்ட ஓர் அட்டை 1 கோடியே 29 லட்சம் டாலரைத் தாண்டி, அந்தச் சாதனையையும் முறியடித்தது.

இச்செய்திகளைக் கேட்டவுடன் ஒருவர் என்ன நினைப்பார்? 'நாமும் சேர்த்து வைத்தால் நாளை கோடீசுவரன் ஆகலாமே' என்றுதானே நினைப்பார்! இந்த நினைப்பே இன்றைய சேகரிப்பாளர்களின் முதல் துன்பத்துக்கு வித்து.

அருமைக்கு இரு வகை

பழைய அட்டைகள் ஏன் விலை உயர்ந்தன? அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை என்பதே காரணம். சிறுவர்கள் மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளில் அட்டையைச் செருகி 'டர்ர்' என்று ஒலியெழுப்பி மகிழ்ந்தனர். பிள்ளைகள் படிக்கவோ பணிக்கோ வெளியூர் சென்றதும், வீட்டைச் சுத்தம் செய்த தாய்மார்கள் செருப்புப் பெட்டியோடு தூக்கி எறிந்தனர். 'என் தாயார் மட்டும் அன்று எறியாதிருந்தால்...' என்று பெருமூச்சு விடும் முதியவர்கள் அமெரிக்காவெங்கும் உண்டு. எறிந்த தாய்மார்களால்தான் எஞ்சியவற்றுக்கு விலை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை!

1980களில் பழைய அட்டைகளின் விலையேற்றம் செய்தித்தாள்களில் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. 1981இல் ஃப்ளீர், டான்ரஸ் ஆகிய நிறுவனங்கள் டாப்ஸுக்குப் போட்டியாகக் களமிறங்கின. 1989இல் அப்பர் டெக் வந்தது. அச்சு இயந்திரங்கள் ஓயாமல் ஓடின. மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே பரணில் அடுக்கினர். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகுமென நம்பியோரும் பலர். எல்லோரும் பத்திரப்படுத்திய ஒன்று எப்படி அரிதாகும்? 1994இல் பேஸ்பால் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் அவ்வாண்டின் இறுதிப் போட்டித் தொடரே நடைபெறாமற் போக, ஆர்வமும் வடிந்தது. அக்கால அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் இன்று 'குப்பைக் காலத்து அட்டைகள்' என்றே அழைக்கின்றனர். முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்த பெட்டியைக் கடைக்குக் கொண்டு செல்பவர், வாங்கிய விலைகூடக் கிடைக்காமல் திரும்புகிறார்.

பட்டறிந்த நிறுவனங்கள் வேறு வழி கண்டன. ஒரே வீரரின் ஒரே படத்தைப் பல வண்ண விளிம்புகளில் அச்சிடுவது; ஒன்றில் 99 மட்டும், இன்னொன்றில் 25 மட்டும், மற்றொன்றில் ஒன்றே ஒன்று மட்டும் என்று எண்ணிட்டு வெளியிடுவது; வீரர் உடுத்திய சட்டையின் துணுக்கை அட்டைக்குள் பதிப்பது! பழைய அட்டையின் அருமையைக் காலம் உண்டாக்கியது. புதிய அட்டையின் அருமையை அச்சகமே உண்டாக்குகிறது. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை உணராதவர் பணத்தை இழப்பது உறுதி.

கணக்குச் சொல்லும் பாடம்

சேகரிப்பாளரின் அடுத்த துன்பத்தைக் கணிதமே விளக்கிவிடும். ஒரு வரிசையில் 100 அட்டைகள் உள்ளன. எல்லாம் சம அளவில் அச்சிடப்பட்டுக் கலக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். பிறர் உதவியின்றி, வாங்கியே 100ஐயும் நிறைவு செய்ய எத்தனை அட்டைகள் வாங்க வேண்டியிருக்கும்? சராசரியாக 519! அதிலும் விந்தை என்னவென்றால், முதல் 90 அட்டைகளைச் சேர்க்க ஏறத்தாழ 226 போதும். எஞ்சிய 10ஐச் சேர்க்க ஏறத்தாழ 293 தேவை. கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 100 அட்டைகள் வாங்க வேண்டும்.

அரிய அட்டைகளை வேண்டுமென்றே குறைத்து அச்சிடும் இன்றைய முறையில் இக்கணக்கு இன்னும் கடுமையாகிறது. 'இன்னும் இரண்டே அட்டை' என்ற நிலையில் நிற்கும் சிறுவனின் ஆசைதான் அங்கே முதலீடு. ஆனால் இதே கணக்கு ஒரு விடையையும் தருகிறது. நான்கு தோழர்கள் கூடித் தம்மிடம் மிகுந்ததைக் கொடுத்துக் குறைந்ததைப் பெற்றால் செலவு வெகுவாகக் குறைந்துவிடும். இவ்வட்டைகளுக்கு ஆங்கிலத்தில் 'டிரேடிங் கார்டு', அதாவது 'மாற்றிக்கொள்ளும் அட்டை' என்று பெயர் நிலைத்ததன் பொருத்தமும் இதுவே.

பத்துக்குப் பத்து

இன்று அட்டை கைக்கு வந்தாலும் போதாது. அதற்கு மதிப்பெண் வேண்டும். 1991இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் அட்டையின் மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்த விதம் ஆகியவற்றை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தருகின்றன. கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு வேறுபாடு 10ஐ 9 ஆக்கிவிடும். விலையோ பல மடங்கு சரிந்துவிடும். 2020இல் கொரோனாக் காலத்தில் வீடடைந்து கிடந்த மக்கள் மீண்டும் அட்டைகளை நாடியபோது மதிப்பீட்டுக்கு வந்து குவிந்தவை ஏராளம். சமாளிக்க இயலாமல் 2021 மார்ச் இறுதியில் பி.எஸ்.ஏ. தன் சேவைகளுள் பெரும்பாலானவற்றை நிறுத்தி வைக்க நேர்ந்தது. பணம் கட்டியோர் மாதக் கணக்கில் காத்திருந்தனர்.

மதிப்பெண் மட்டும் நம்பத்தக்கதா? அந்நிறுவனம் முதன்முதலாக மதிப்பிட்ட அட்டையே ஒரு வாக்னர் அட்டைதான். பனி ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991இல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய புகழ்பெற்ற அட்டை அது. அதன் விளிம்புகளைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக, அதை முன்னர் விற்ற ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். ஏலங்களில் போலிக் கேள்விகளால் விலையேற்றிய மோசடிக்காக 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. அளவையில் மோசம் செய்வது எடைக்கல்லில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

பொட்டலமா, சூதாட்டமா?

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. மூடிய பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறதென்று அறியாமல் விலை கொடுத்து வாங்குகிறோம். பெரும்பாலும் சாதாரண அட்டைகள்; எப்போதோ ஒருமுறை பெரும்பேறு. 2024 கிறிஸ்துமஸ் நாளில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவனுக்கு, பால் ஸ்கீன்ஸ் என்னும் இளம் வீரர் தம் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் இலச்சினை பதித்த, உலகிலேயே ஒன்றே ஒன்றான அட்டை கிடைத்தது. அதற்கு மாற்றாக அவ்வீரரின் அணி 30 ஆண்டுகளுக்கான ஆட்ட நுழைவுச் சீட்டுகளைத் தர முன்வந்தது. குடும்பத்தார் அதை ஏற்காமல் ஏலத்தில் விட, 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. அச்செய்தி ஊரெங்கும் ஒலித்தது. வெறும் பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து ஏமாந்த சிறுவர்களின் எண்ணிக்கையை எவர் சொன்னார்?

இதனினும் ஒரு படி மேலே சென்றுள்ளது இன்றைய வணிகம். இணைய நேரலையில் ஒருவர் பெட்டிகளைப் பிரிக்கிறார். பார்ப்போர் முன்கூட்டியே ஆளுக்கோர் அணியின் பெயரில் பணம் கட்டுகின்றனர். தம் அணியின் அட்டை வந்தால் அவர்களுக்கு. வராவிட்டால் கட்டிய பணத்துக்கு ஒன்றுமில்லை. சேகரிப்பு என்ற பெயரில் நடைபெறும் இது சூதின் வாசற்படியில் நிற்கிறது என்று அமெரிக்கர்களே குறை கூறுகின்றனர். வாங்கும் பொருள் இன்னதென்று அறியாத வணிகத்தைக் 'கரர்' என ஃபிக்ஹு நூல்கள் எச்சரிக்கின்றன. இவ்விரு வகை வாணிபத்துக்கும் அது எந்த அளவு பொருந்தும் என்பதை மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆனால் 'இந்த முறையாவது கிடைக்கும்' என்று பிள்ளையின் கை மீண்டும் மீண்டும் நீளுமானால், அது நல்ல பழக்கமன்று என்பதை உணர எந்த நூலும் தேவையில்லை.

பேராசை எந்த அளவுக்குப் போகும்? 2021 மே மாதத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு டார்கெட் கடையின் வாகன நிறுத்துமிடத்தில் அட்டைகளுக்காகக் கைகலப்பு மூண்டு, துப்பாக்கி வெளிப்படும் அளவுக்கு முற்றியது. அதையடுத்து அந்நிறுவனம் தன் கடைகளில் அட்டை விற்பனையைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. சிறுவர்களுக்கென வந்த பொருளைப் பெரியவர்கள் விடியுமுன் வரிசையில் நின்று வாரிச் சென்றதன் விளைவு இது.

இதற்கிடையே போட்டியும் குறைந்து வருகிறது. ஃபனாட்டிக்ஸ் நிறுவனம் 2021இல் பேஸ்பால் உரிமத்தைப் பெற்று, 2022 ஜனவரியில் டாப்ஸின் அட்டை வணிகத்தையே வாங்கிவிட்டது. 2025இல் கூடைப்பந்து உரிமமும் அதனிடம் வந்தது. இத்தாலியில் பிறந்த பனினி நிறுவனம் 2023இல் வழக்குத் தொடுத்தது. யானைகள் மோதிக்கொள்ளும்போது மிதிபடுவது புல்தானே! விலை நிர்ணயம் ஒரே கையில் சேர்வதைக் கண்டு சாதாரணச் சேகரிப்பாளர் கலங்குகிறார்.

இத்தனைக்கும் பிறகு ஏன்?

துன்பம் இவ்வளவு இருந்தும் ஏன் இலட்சக்கணக்கானோர் இதைக் கைவிடவில்லை? இன்பமும் உண்மையானதாக இருப்பதால்தான்.

அட்டையின் பின்புறத்தைப் படித்தே பின்னமும் சராசரியும் கற்ற பிள்ளைகள் உண்டு. தந்தையும் மகனும் ஒரே மேசையில் அமர்ந்து பேச ஒரு பொருள் கிடைக்கிறது. 1980இல் தொடங்கிய தேசியச் சேகரிப்பாளர் மாநாட்டுக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் திரள்கின்றனர். அங்கே கோடிகளுக்கு விற்பவரும் உண்டு. பத்துக் காசு அட்டைகள் குவிந்த பெட்டிக்குள் ஒரு பழைய பெயரைத் தேடிக் களிப்பவரும் உண்டு. இரண்டாமவரின் முகமே பெரும்பாலும் மலர்ந்திருக்கிறது.

மேலும் அட்டை என்பது சிறியதொரு வரலாற்று ஏடு. 1910ஐ ஒட்டிய புகையிலை அட்டை வரிசையில் கறுப்பின வீரர்களைக் காண முடியாது. நிறத்தின் பெயரால் அவர்களைத் தள்ளி வைத்திருந்தது அன்றைய பேஸ்பால். 1947இல் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்த பின்னரே முகங்கள் மாறத் தொடங்கின. இல்லாத அட்டையும் ஒரு வரலாற்றைச் சொல்கிறது!

நமக்கு நெருக்கமான சான்றுகளும் உள. 1960இல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று வெளியிட்ட அட்டையில் 'காசியஸ் கிளே' என்றிருக்கும் இளைஞர், உலகம் போற்றிய முஹம்மது அலீ ஆவார். 1969ஆம் ஆண்டு டாப்ஸ் கூடைப்பந்து வரிசையின் 25ஆம் அட்டையில் 'லூ அல்சின்டர்' என்ற பெயரோடு நிற்பவர் கரீம் அப்துல் ஜப்பார். 1986ஆம் ஆண்டு ஃப்ளீர் அட்டையில் 'அகீம்' என்று அச்சான ஒலாஜுவானின் பெயர் 1991க்குப் பின் 'ஹகீம்' என்று திருத்தமுற்றது. ஒரு மனிதரின் அகப்பயணத்தை இரண்டு அட்டைகளை அருகருகே வைத்துக் காணலாம். விலைப் பட்டியலைப் புரட்டுவோர்க்கு இந்தச் செல்வம் புலப்படாது.

அந்தக் கரீம் அப்துல் ஜப்பார் 2019இல் தம் வெற்றி மோதிரங்கள் உள்ளிட்ட நினைவுப் பொருள்களை ஏலத்தில் விட்டார். ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கிடைத்தது. அதில் பெரும்பகுதியைச் சிறுவர்க்கு அறிவியல் கற்பிக்கும் தம் அறக்கட்டளைக்கே அளித்தார். சேர்த்ததை விடுவதிலும் ஓர் இன்பம் உண்டு போலும்!

பர்டிக் என்னும் பெருந்தகை

இத்துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர் செல்வந்தரல்லர். நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் நகரில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. 1900இல் பிறந்த ஜெஃபர்சன் பர்டிக், மூட்டு வாதத்தால் விரல்கள் மடங்கித் துன்புற்றவர். அட்டைகளுக்கு மதிப்பில்லாத காலத்தில் அவற்றைத் தேடிச் சேர்த்தார். 1939இல் முதல் விவரப் பட்டியலை வெளியிட்டு, எந்த அட்டை எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதற்கு எண்முறை வகுத்தார். வாக்னர் அட்டை வரிசையை 'டி206' என்று உலகமே இன்று அழைப்பது அவர் இட்ட குறியீட்டினால்தான்.

1947 முதல் தம் சேகரிப்பு முழுவதையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலானார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளும் அச்சுப் படங்களும்! கொடுத்ததோடு நில்லாமல், வலிக்கும் விரல்களால் தாமே ஆல்பங்களில் ஒட்டி ஒழுங்கு செய்தார். 1963 ஜனவரியில் அப்பணி முடிந்தது. அவ்வாண்டு மார்ச்சில் அவர் காலமானார். அவர் ஒட்டிய அட்டைகளுள் ஒரு வாக்னர் அட்டையும் உண்டு. அதை அவர் விற்கவில்லை. எவரும் காணும்படி விட்டுச் சென்றார் என்பதே அவர் அடைந்த லாபம்.

வீட்டில் ஒரு பிள்ளை சேர்த்தால்...

பிள்ளை இதில் ஆர்வம் காட்டினால் தடுக்க வேண்டியதில்லை, நெறிப்படுத்தினால் போதும். மூடிய பொட்டலத்தைவிட, விரும்பிய வீரரின் அட்டையைத் தனியாகத் தெரிந்து வாங்குவது பெரும்பாலும் மலிவு, ஏமாற்றமும் இல்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று வரையறை இருக்கட்டும். எல்லா அட்டைகளையும் துரத்தாமல் ஒரு நாடு, ஓர் அணி, ஒரு காலம் என்று எல்லை வகுக்கட்டும். நேரலைப் பெட்டிப் பிரிப்புகளில் பணம் கட்டவே வேண்டாம். தோழருடன் மாற்றிக்கொள்ளும்போது, அறியாத இளையவனிடம் உயர்ந்த அட்டையை அற்பத்துக்கு வாங்கிக்கொள்ளாத நேர்மையைச் சொல்லிக் கொடுப்போம். வணிக ஒழுக்கத்தின் முதல் பாடத்துக்கு இதைவிட நல்ல பள்ளி வேறேது? ஒவ்வோர் அட்டையிலும் உள்ள மனிதரைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னால், பொழுதுபோக்கே படிப்பாகிவிடும்.

சேகரிப்பவர் இரு வகையினர். விலை ஏறுமா என்று நாள்தோறும் பார்ப்பவர் ஒருவர். தம்மிடமுள்ளதை இன்னும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பவர் மற்றொருவர். முன்னவரின் மகிழ்ச்சி சந்தையின் கையில் இருக்கிறது. பின்னவரின் மகிழ்ச்சி அவர் வீட்டு மேசையிலேயே இருக்கிறது. நம் பிள்ளை இவ்விருவருள் எவராக வளர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, முதல் பொட்டலத்தை வாங்கிக் கொடுக்கும்போது நாம் அவனிடம் பேசும் பேச்சுத்தான்.